'தைரியமா இருங்க' என்று சொன்னால் போதுமா? வெள்ளமும் வன்முறையும் கண்ட நெல்லையில் மனக்காயம் ஆற்றும் 'பலம் சார்ந்த அணுகுமுறை' - விரிவான விளக்கம்

2023 டிசம்பர் 17, 18. தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழைக்கு நிகரான மழை, ஒரே நாளில் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது. நெல்லை சந்திப்பு பேருந்து நிலையத்தில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வரை வீடுகளும் கடைகளும் வாழைத் தோட்டங்களும் தண்ணீருக்குள் போயின.

வெள்ளம் வடிந்ததும் கணக்கெடுப்பு நடந்தது. எத்தனை வீடு, எத்தனை ஆடு மாடு, எத்தனை ஏக்கர் பயிர் என்று பட்டியல் போடப்பட்டது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

ஆனால் எந்தப் பட்டியலிலும் வராத பாதிப்பு ஒன்று உண்டு. தூறல் விழுந்தாலே தூக்கம் போய்விடுவது, ராத்திரியில் எழுந்து வாசலில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது, அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொள்ளும் பிள்ளை. இப்படிப்பட்டவர்களுக்கு எப்படி உதவுவது?

"பாவம், எல்லாம் போச்சே" என்பது ஒரு வகை. "தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிரும்" என்பது இன்னொரு வகை. இந்த இரண்டுமே பல நேரங்களில் உதவுவதில்லை என்கிறது மனநலத் துறையிலும் சமூகப் பணியிலும் பேசப்படும் 'பலம் சார்ந்த அணுகுமுறை'. அது என்ன, நம் ஊரில் அது எப்படி வேலை செய்யும், எங்கே அது தவறாகப் பயன்படுத்தப்படுகிறது? பார்க்கலாம்.

மனக்காயம் என்றால் என்ன?

உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற நிலையை நேரில் சந்திப்பது, அல்லது கண்முன்னே அது இன்னொருவருக்கு நடப்பதைப் பார்ப்பது. இப்படிப்பட்ட அனுபவம் மனதில் விட்டுச்செல்லும் பாதிப்பைத்தான் மனக்காயம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'ட்ராமா'. வெள்ளம், விபத்து, தீ, சாதி வன்முறை, குடும்ப வன்முறை, பாலியல் கொடுமை எல்லாமே இதற்குக் காரணமாகலாம்.

தூக்கமின்மை, படபடப்பு, எரிச்சல், நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, அந்த இடத்துப் பக்கமே போகாமல் தவிர்ப்பது, உணர்ச்சியே இல்லாமல் மரத்துப்போவது ஆகியவை இதன் அறிகுறிகள். சின்னப் பிள்ளைகள் என்றால், பழக்கம் விட்டுப்போன பிறகும் மீண்டும் படுக்கையில் சிறுநீர் கழிக்கலாம், பேச்சு குறையலாம், பள்ளிக்கூடம் போக மறுக்கலாம்.

இது கோழைத்தனம் இல்லை. ஆபத்தைச் சந்தித்த உடம்பும் மனசும், 'இன்னும் ஆபத்து முடியவில்லை' என்று நினைத்துக்கொண்டு விழித்தே இருப்பதன் அடையாளம்தான் இது.

அப்படியானால் எல்லோருக்கும் சிகிச்சை தேவையா?

தேவையில்லை. பேரிடரைச் சந்தித்த பெரும்பாலானோருக்கு மன உளைச்சல் இருக்கும். ஆனால் அவர்களில் அதிகம் பேருக்கு அது நாளடைவில் குறைந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பகுதியினருக்கு மட்டும் அது மாதக்கணக்கில் நீடித்து, பி.டி.எஸ்.டி. எனப்படும் மன அழுத்தக் கோளாறாகவோ மனச்சோர்வு நோயாகவோ மாறுகிறது. அவர்களுக்குக் கட்டாயம் மருத்துவ உதவி வேண்டும்.

2007-ம் ஆண்டு ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து, பேரிடர்க் கால மனநல உதவிக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டன. அதில் உதவியை நான்கு அடுக்கு கொண்ட ஒரு கூம்பாகக் காட்டியிருப்பார்கள்.

* அடித்தளம்: சோறு, தண்ணீர், தங்க இடம், பாதுகாப்பு. இது எல்லோருக்கும் தேவை.
* இரண்டாவது: குடும்பமும் ஊரும் தரும் ஆதரவு.
* மூன்றாவது: பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் தரும் ஆறுதலும் வழிகாட்டலும்.
* உச்சி: மனநல மருத்துவர், உளவியல் நிபுணர் தரும் சிகிச்சை. இது சிலருக்கு மட்டும்.

பலம் சார்ந்த அணுகுமுறைக்கு அதிகம் வேலை இருப்பது நடுவில் உள்ள இரண்டு அடுக்குகளில். மருத்துவரின் அறையிலும் அதற்கு இடம் உண்டு.

'பலம் சார்ந்த அணுகுமுறை' எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி கற்பித்தவர்கள் 1980-களில் இதை வளர்த்தெடுத்தார்கள். தீவிர மனநோய் உள்ளவர்களோடு வேலை செய்தபோது அவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஒவ்வொருவரின் கோப்பிலும் அவருக்கு என்ன நோய், என்ன குறை, எதைச் செய்ய முடியாது என்பதுதான் எழுதப்பட்டிருந்தது. அவருக்கு எது தெரியும், யார் துணை, எதை விரும்புகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. இந்தச் சிந்தனையைத் தொகுத்து டென்னிஸ் சாலிபீ பதிப்பித்த நூல் 1992-ல் வெளிவந்தது. அதன் பிறகு இது சமூகப் பணிப் பாடத்தில் தனி இடம் பிடித்தது.

இதன் அடிப்படை ரொம்ப எளிது. 'உங்களுக்கு என்ன கோளாறு?' என்று தொடங்குவதற்குப் பதிலாக, மூன்று கேள்விகளோடு தொடங்குவது.

* உங்களுக்கு என்ன நடந்தது?
* இவ்வளவு நாள் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள்?
* இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?

முதல் கேள்வி காயத்தை ஒப்புக்கொள்கிறது. இரண்டாவது, அவர் செய்ததை அவருக்கே ஞாபகப்படுத்துகிறது. மூன்றாவது, முடிவை அவர் கையில் கொடுக்கிறது. மனக்காயம் பட்டவரிடமிருந்து முதலில் பறிபோவது 'என் கையில் ஏதோ இருக்கிறது' என்ற உணர்வுதான். அதைத் திருப்பிக் கொடுப்பதே மீட்சியின் தொடக்கம் என்பதால், மூன்றாவது கேள்விக்கு இங்கே எடை அதிகம்.

ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில்

இந்த அணுகுமுறை சொல்வதைப் புரிந்துகொள்ள, அதே டிசம்பர் வெள்ளத்தில் நடந்த ஒரு சம்பவம் போதும்.

டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ரயிலில் சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினர் பக்கத்தில் உள்ள பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். மற்றவர்கள் நாலாபுறமும் தண்ணீர் சூழ நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். டிசம்பர் 19 அன்றுதான் மீட்பு முழுமையடைந்தது.

அதுவரை அவர்களுக்குச் சோறு போட்டது, பக்கத்தில் உள்ள புதுக்குடி ஊர் மக்கள். மழையிலும் வெள்ளத்திலும் தாங்களே தவித்த நேரத்தில், கையில் இருந்ததைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள்.

அரசு ஆவணத்தில் அந்தப் பகுதி மக்கள் 'பாதிக்கப்பட்டவர்கள்'. அது உண்மை. அதே மக்கள்தான் காப்பாற்றியவர்கள். அதுவும் உண்மை. தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமங்களுக்குள் படகோடு வந்து மக்களை மீட்ட மீனவர்களும் இந்தப் பட்டியலில் சேருவார்கள்.

ஒருவரைப் 'பாதிக்கப்பட்டவர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்தால், அவர் செய்த வேலை மறைந்துபோகும். 'வீரர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்தால், அவர் இழந்தது மறைந்துபோகும். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் பலம் சார்ந்த அணுகுமுறை.

சுனாமி கற்றுக்கொடுத்த பாடம்

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்கள் மூலம் மனநல ஆதரவைக் கொண்டுசேர்க்கும் முறையைக் கடைப்பிடித்தது. எல்லாக் கிராமத்துக்கும் மனநல மருத்துவரை அனுப்ப முடியாது என்பது ஒரு காரணம். ஊர்க்காரர் பேச்சு ஊருக்குப் புரியும் என்பது இன்னொரு காரணம்.

சுனாமியில் பிழைத்தவர்களிடம் பேசி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மக்கள் எதை நம்பி மீண்டெழுந்தார்கள் என்பதுதான் கேள்வி. சொந்த மன உறுதி, சொந்தபந்தம், ஊர்க்கட்டு, சாமி நம்பிக்கை ஆகியவற்றை மனநல சேவைகளைவிட அதிகமாக மதித்தார்கள் என்பது அதில் தெரியவந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில், போரையும் சுனாமியையும் அடுத்தடுத்துக் கண்ட மக்களிடையே வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இன்னொன்றைச் சொன்னார். போரும் பேரிடரும் தனி மனிதரை மட்டும் காயப்படுத்துவதில்லை, குடும்பம், ஊர், ஒருவரையொருவர் நம்பும் பழக்கம் ஆகியவற்றையும் சேர்த்தே உடைக்கின்றன. ஆகவே மருந்து தனி ஆளுக்கு மட்டும் போதாது, ஊரின் உறவுகளையும் கட்டியெழுப்ப வேண்டும் என்பது அவர் வாதம்.

மீட்சிக்கான ஐந்து தூண்கள்: தாமிரபரணிக் கரையில் எப்படி இருக்கும்?

2007-ல் உளவியலாளர் ஸ்டீவன் ஹாப்ஃபால் தலைமையிலான பன்னாட்டு வல்லுநர் குழு, பேரழிவுக்குப் பிந்தைய உதவிக்கு ஐந்து அடிப்படைகளைத் தொகுத்தது. உலகம் முழுக்க இன்றும் பயன்படும் பட்டியல் இது. நம் ஊருக்கு அதைப் பொருத்திப் பார்க்கலாம்.

1. பாதுகாப்பு: மற்ற நான்கும் இதற்குப் பிறகுதான். ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்கு, அணையில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள், எப்போது வெளியேற வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்தால், பயம் பாதி குறையும். வதந்தி பரப்பும் வாட்ஸ்அப் செய்தி இதற்கு நேர் எதிரி.

2. அமைதி: படபடப்பு அடங்க வழி. நிதானமாக மூச்சு விடுவது, நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், வெள்ளக் காட்சிகளைப் போனில் திரும்பத் திரும்பப் பார்க்காமல் இருப்பது. கோயில், சர்ச், பள்ளிவாசல் என்று எங்கே மனசு அடங்குமோ அங்கே போய் உட்காருவதும் இதில் சேரும்.

3. 'என்னால் முடியும், எங்களால் முடியும்' என்ற நம்பிக்கை: முகாமில் இருப்பவரை உட்கார வைத்துச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பதோடு நிறுத்தாமல், சமையலில், கணக்கெடுப்பில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில் அவர்களையே சேர்த்துக்கொள்வது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இங்கே பெரிய பலம். கூடிப் பேசவும், கணக்கு எழுதவும், அதிகாரியிடம் மனு கொடுக்கவும் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு.

4. உறவு: தனிமை மனக்காயத்தை ஆழமாக்கும். முகாமில் ஒரே தெருக்காரர்களை ஒன்றாகத் தங்கவைப்பது, வெளியூரில் உள்ள பிள்ளைகளோடு பேச போன் சார்ஜ் வசதி செய்து தருவது போன்ற சின்ன விஷயங்களுக்குப் பெரிய பலன் உண்டு.

5. நாளை பற்றிய எதிர்பார்ப்பு: வெறும் ஆறுதல் வார்த்தை இங்கே எடுபடாது. நனைந்துபோன சான்றிதழுக்குப் பதில் நகல் எங்கே கிடைக்கும், பயிர்க் காப்பீட்டுக்கு யாரைப் பார்ப்பது, கடையைத் திரும்பத் திறக்கக் கடன் கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தால்தான் எதிர்பார்ப்பு பிறக்கும்.

கைத்தொழிலே மருந்தாகும் இடம்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்த மூன்றாவது, ஐந்தாவது தூண்கள் பெரும்பாலும் தொழிலோடு ஒட்டியே இருக்கின்றன.

மேலப்பாளையம், முக்கூடல் வட்டாரத்தில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்கள், பத்தமடையில் கோரைப்பாய் நெய்பவர்கள், காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்பவர்கள், ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் வாழை போடுபவர்கள், ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள். இப்படி வீட்டிலும் தோட்டத்திலும் தொழில் செய்யும் ஒருவருக்கு வெள்ளம் வந்தால், வீடும் தொழிலும் ஒரே நேரத்தில் போகும். நனைந்த பீடி இலை, சாய்ந்த வாழை, சேறு புகுந்த தறி எல்லாம் பணக் கணக்கில் சின்னதாகத் தெரியலாம். ஆனால் 'நான் யார்' என்ற கேள்விக்கு அவரிடம் இருந்த பதிலும் அதோடு சேர்ந்து போகிறது.

அதனால், தறியைச் சீக்கிரம் சரிசெய்து கொடுப்பதும், வாழைக்கன்று வாங்க உதவுவதும் வாழ்வாதார உதவி மட்டுமில்லை, மனநல உதவியும்கூட. கை ஓர் ஒழுங்கில் வேலை செய்யத் தொடங்கினால் மனசும் கொஞ்சம் கொஞ்சமாக ஓர் ஒழுங்குக்கு வரும். பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்யும் அந்த இரண்டு மணி நேரத்தில், எந்த ஆலோசனை மையத்திலும் பேசாத விஷயங்கள் பேசப்படும்.

எப்படிப் பேசலாம்? எப்படிப் பேசக் கூடாது?

உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட 'உளவியல் முதலுதவி' கையேடு மூன்று செயல்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. நிலைமையைப் பார்ப்பது, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, தேவையான உதவியோடு அவரை இணைத்துவிடுவது. இதைச் செய்யப் பட்டம் வேண்டாம்.

நல்ல எண்ணத்தில் சொன்னாலும் புண்படுத்தும் பேச்சுகள் இவை:

* "உன்னைவிட அதிகமா இழந்தவங்க எத்தனையோ பேர் இருக்காங்க."
* "ஆம்பளப் பிள்ள அழலாமா?"
* "எல்லாம் நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்கோ."
* "அன்னைக்கு என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு."

கடைசி வாக்கியம் தவறு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 'மனசுல இருக்கறத கொட்டித் தீர்த்துட்டா சரியாயிரும்' என்று நாம் நம்புகிறோம். ஆனால் சம்பவம் நடந்த உடனேயே ஒருவரை உட்கார வைத்து, எல்லாவற்றையும் ஒரே அமர்வில் சொல்ல வைப்பதால் பி.டி.எஸ்.டி. தடுக்கப்படுவதில்லை, சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு சொல்கிறது. அவராகப் பேச வந்தால் கேட்கலாம். கட்டாயப்படுத்தக் கூடாது. மைக்கையும் கேமராவையும் நீட்டி "எப்படி உணர்றீங்க?" என்று கேட்டு அழ வைப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

சரி, எப்படிப் பேசலாம்? நெல்லைப் பேச்சிலேயே சில உதாரணங்கள்:

* "அண்ணாச்சி, அம்புட்டுத் தண்ணியில பிள்ளையள எப்படி மாடிக்குக் கொண்டு போனீய?" - இது அவர் செய்த காரியத்தை அவருக்கே எடுத்துக்காட்டும்.
* "ராத்திரி தூக்கம் வராதப்ப என்ன செய்வீய? எது கொஞ்சம் ஆறுதலா இருக்கு?" - அவரிடம் ஏற்கெனவே உள்ள வழியைத் தேடும் கேள்வி.
* "அக்கா, இப்ப முதல்ல எது நடந்தா உங்களுக்கு நிம்மதி? ரேஷன் கார்டா, வீட்டு வேலையா?" - முடிவு அவர் கையில்.
* "பேச வேண்டாம்னா பேச வேண்டாம். நான் இங்கதான் இருக்கேன்." - சில நேரம் இது மட்டுமே போதும்.

'நீங்க ரொம்ப பலசாலி' என்று பொத்தாம்பொதுவாகப் புகழ்வது இதில் சேராது. புகழ்ச்சி மேலே இருந்து கொடுக்கப்படுவது. அவர் செய்ததை அவரே கண்டுபிடிக்க உதவும் கேள்விதான் பலன் தரும்.

பள்ளி மாணவர்களுக்கு?

இயற்கைப் பேரிடர் மட்டுமே நெல்லையின் காயம் இல்லை. 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவர், வீடு புகுந்து சக மாணவர்களால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. சிகிச்சைக்குப் பிறகு படிப்பைத் தொடர்ந்த அந்த மாணவர், அடுத்த ஆண்டு பிளஸ் 2 தேர்வில் தேர்ச்சி பெற்றார்.

அது அவருடைய பலம், சந்தேகமில்லை. ஆனால் அதை வெறும் 'சாதனைக் கதை'யாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால், ஒரு மாணவர் பள்ளிக்குப் பாதுகாப்பாகப் போய்வர முடியாத நிலை ஏன் வந்தது என்ற கேள்வி காணாமல் போய்விடும்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அறிக்கை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்குவது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது உள்ளிட்ட பரிந்துரைகளைச் சொன்னது. மனநலக் கோணத்தில் பார்த்தால் இவை முதல் தூணான 'பாதுகாப்பு' பற்றியவை. பிள்ளை தினமும் போகும் இடம் பாதுகாப்பாக இல்லாவிட்டால், எந்த ஆலோசகரின் பேச்சும் நிலைக்காது.

வன்முறையோ வெள்ளமோ கண்ட பிள்ளைக்கு ஆசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடியவை:

* எழுவது, சாப்பிடுவது, பள்ளி, விளையாட்டு என்று பழைய நேர ஒழுங்கைச் சீக்கிரம் திருப்பிக் கொண்டுவருவது.
* படம் வரைவது, கால்பந்து, கபடி, பாட்டு என்று அந்தப் பிள்ளைக்கு எது வருமோ அதற்கு இடம் கொடுப்பது.
* 'அந்தச் சம்பவத்துப் பையன்' என்று வகுப்பில் அடையாளம் விழாமல் பார்த்துக்கொள்வது.
* ஆற்றைக் கண்டு பயப்படும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாமல், முதலில் தெருமுனை, பிறகு கரை, பிறகு படித்துறை என்று அதன் வேகத்திலேயே நம்பிக்கையான ஒருவர் கூட்டிப்போவது.

'நீங்கதான் தைரியசாலியாச்சே' - இதில் உள்ள ஆபத்து

பலம் சார்ந்த அணுகுமுறை மீது வைக்கப்படும் முக்கியமான விமர்சனம் இதுதான். 'மக்கள் தாங்களே எழுந்துவிடுவார்கள்' என்ற பேச்சு, உதவ வேண்டியவர்கள் ஒதுங்கிக்கொள்ள வசதியான சாக்காக மாறலாம். ஊர் மக்கள் ஒருவருக்கொருவர் சோறு போட்டார்கள் என்பதால், பாலமும் நிவாரணமும் முன்னெச்சரிக்கையும் தாமதமாகலாம் என்று ஆகிவிடாது.

மனக்காயத்துக்குப் பிறகு சிலர் வாழ்க்கையை முன்பைவிட ஆழமாகப் பார்க்கிறார்கள், உறவுகளை அதிகம் மதிக்கிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் டெடெஸ்கியும் கால்ஹவுனும் 1990-களில் விளக்கினார்கள். ஆனால் இந்த வளர்ச்சி வலியோடு கூடவே வருவது, வலியை இல்லாமல் ஆக்குவதில்லை. 'கஷ்டப்பட்டீங்க, அதனால இப்ப பக்குவமாயிருப்பீங்க' என்று மற்றவர் எதிர்பார்த்தால் அது இன்னொரு சுமை.

நீதியும் இதில் உண்டு. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காக நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் சென்றவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணி ஆற்றில் 2 பெண்கள், ஒரு குழந்தை உட்பட 17 பேர் உயிரிழந்தார்கள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று ஆற்றில் மலர் தூவி அஞ்சலி செலுத்தப்படுகிறது.

'இன்னும் எதுக்குப் பழசைக் கிளறணும்' என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய நூலில் மீட்சியை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கம் அனுசரிப்பது, மற்றவர்களோடு மீண்டும் இணைவது. கூட்டாக அஞ்சலி செலுத்துவதும் நியாயம் கேட்பதும் அதில் இரண்டாவது, மூன்றாவது கட்டங்களைச் சேர்ந்தவை. ஒரு சமூகம் தன் இழப்பை மறக்காமல், ஒன்றாகக் கூடி நிற்பதும் அதன் பலம்தான்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

ஊர் ஆதரவு, தொழில், உறவு எல்லாம் இருந்தும் சிலருக்குச் சரியாகாது. அது அவர்கள் தோல்வி இல்லை. கீழ்க்கண்டவை இருந்தால் தாமதிக்க வேண்டாம்:

* ஒரு மாதம் தாண்டியும் தூக்கமின்மை, கெட்ட கனவு, திடுக்கிடல் குறையாமல் இருப்பது.
* வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல், வீட்டு வேலையும் செய்ய முடியாமல் போவது.
* குடிப்பழக்கம் புதிதாகத் தொடங்குவது அல்லது அதிகமாவது.
* 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு, தற்கொலை எண்ணம். இதற்கு ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது, உடனே உதவி தேட வேண்டும்.

பி.டி.எஸ்.டி.-க்கும் மனச்சோர்வுக்கும் நல்ல பலன் தரும் உளவியல் சிகிச்சைகளும் மருந்துகளும் இருக்கின்றன. பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இயங்குகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் சேவைகள் கிடைக்கின்றன. அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநல சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

போனில் உதவி பெற:

* டெலி மானஸ் மனநல உதவி எண்: 14416 (24 மணி நேரமும், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்)
* தமிழ்நாடு சுகாதார உதவி எண்: 104
* குழந்தைகளுக்கு: 1098
* பெண்களுக்கு: 181

இப்போது என்ன செய்யலாம்?

வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். 1992 நவம்பரிலும் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. 2023-ல் மீண்டும் வந்தது. மழைக்காலமும் சம்பவம் நடந்த தேதியும் நெருங்கும்போது பழைய பயம் திரும்ப எழுவது இயல்பு. அந்த நாட்களில் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியையோ, மாடி இல்லாத வீட்டில் குடியிருக்கும் குடும்பத்தையோ ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம். மழை வலுத்தால் யார் வீட்டு மாடிக்கு வருவது, மாத்திரைப் பையையும் ஆவணங்களையும் யார் எடுப்பது என்று அவர்களோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசி வைக்கலாம். போன வெள்ளத்தில் என்ன செய்தார்கள், எது கைகொடுத்தது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். திட்டத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.